செலவு குறைவான மேப்பும் மினியும்: ஒரு இன்ச் கட்டத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு. அதில் மேப்பும் மினியும் (கதாபாத்திரங்களைக் குறிக்கும் சிறு உருவங்கள்) செய்கிற வேலை ஒன்றுதான்: யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் தகராறு வராமல் பார்த்துக்கொள்வது. "நான் கதவுக்குப் பின்னாலதானே இருந்தேன்?" என்று ஒருவர் கேட்கும்போது மேசையில் அவருக்குப் பதிலாக வைத்த சட்டைப் பொத்தான் பதில் சொல்லிவிட்டால் போதும். அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் பலரும் முதலில் வாங்குவது வண்ணமடித்த டிராகனை. அந்த டிராகன் எப்போதாவது ஒருமுறைதான் மேசைக்கு வரும். கட்டம் போட்ட விரிப்பு வாராவாரம் வரும். கையிலிருக்கும் காசையும் நேரத்தையும் முதலில் விரிப்பில் போடுங்கள்.

ஐந்து ஆட்டக்காரர்கள் உள்ள குழுவுக்கு, முதல் சில வாரங்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்: ஏ2 அளவில் ஒரு கட்ட விரிப்பு, தண்ணீரில் அழியும் மார்க்கர் இரண்டு, நாயகர்களுக்கு ஐந்து காகித மினி, சில்லறை எதிரிகளுக்குப் பன்னிரண்டு, தலைவன்மாருக்கு மூன்று, பெரிய பிராணிகளுக்கு இரண்டு, மந்திரம் பரவும் இடத்தைக் காட்டக் கம்பி வளையம் ஒன்று. இத்தனையையும் ஒரு விடுமுறை நாளில் செய்து முடித்துவிடலாம்.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) வகை ஆட்டங்களில் ஒரு இன்ச் கட்டம் ஐந்து அடியைக் குறிக்கும். ஐந்து அடி என்றால் 60 இன்ச். ஆகவே இது 1:60 அளவு. ஐந்தடி எட்டங்குல மனிதர் இந்த அளவில் ஏறத்தாழ 29 மி.மீ. உயரம் வருவார். கடைகளில் 28 மி.மீ. என்று விற்கும் மினிகள் இந்தக் கட்டத்தில் இயல்பாகத் தெரிவது அதனால்தான். 1:72 போர்வீரர் பொம்மைகள் 24 மி.மீ. அளவில் இருக்கும். அவற்றை 28 மி.மீ. மினிகளோடு கலந்தால் சற்றுக் குள்ளமாகத் தெரியும். கோப்ளின் என்ற குட்டிப் பூதக் கூட்டத்துக்கு அதுவே நல்ல பொருத்தம்.

சிறிய, நடுத்தர உருவங்களுக்கு ஒரு கட்டம். பெரியவற்றுக்கு 2×2, அதற்கும் பெரியவற்றுக்கு 3×3, பிரம்மாண்டமானவற்றுக்கு 4×4. முக்கியம் அடித்தட்டின் அளவுதான். மேலே நிற்கும் உருவம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அடித்தட்டு பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்டால்தான் சச்சரவு.

இன்னொன்று: 25 மி.மீ. கட்டமா, சரியாக ஒரு இன்ச்சான 25.4 மி.மீ. கட்டமா என்பதை இப்போதே தீர்மானியுங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஆறு கட்டத்துக்கு 2.4 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அட்டையில் 25 மி.மீ. என்று வெட்டிய தரையும் பிரின்டரில் எடுத்த 25.4 மி.மீ. தரையும் பக்கத்தில் பக்கத்தில் சேராது. பிரின்ட் எடுத்த மேப் ஒன்றையாவது பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் எல்லாவற்றுக்கும் 25.4 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அழித்து எழுதும் விரிப்பு

ஏ2 தாளில் (420 × 594 மி.மீ.) 16 × 23 முழுக் கட்டங்கள் அடங்கும். ஆட்டத்தின் கணக்கில் அது 80 × 115 அடி. பெரும்பாலான சண்டைகள் இதற்குள் முடிந்துவிடும். ஏ1 தாளில் 23 × 33 கட்டம் வரும். ஆனால் அதை விரித்தால் ஆட்டக்காரர்களின் தாளுக்கும் தாயக்கட்டைக்கும் மேசையில் இடம் இருக்காது. எதற்கும் மேசையை ஒருமுறை அளந்து பாருங்கள்.

கட்டக் கோடுகள் வெளிர் சாம்பல் நிறத்தில் கால் முதல் அரை மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். கறுப்பில் போட்டால் மார்க்கரில் வரைந்த சுவர் எது, கட்டக் கோடு எது என்று கண் தடுமாறும். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றையும் ஒரு சாயல் கூட்டிப் போட்டுவிட்டால் 25 அடி கணக்கு பார்த்தவுடன் தெரியும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று விரலால் எண்ணும் நேரம் பாதியாகக் குறையும்.

இனி மேலே என்ன போடுவது என்பது. மூன்று வழி இருக்கிறது.

லேமினேட் செய்வது எளிது. 125 மைக்ரான் ஃபிலிம், பளபளப்பான வகை. மங்கலான மேட் ஃபிலிமில் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாதுதான், ஆனால் அதன் சொரசொரப்புக்குள் மை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அழித்தாலும் நிழல்போல நிற்கும்.

இரண்டாவது வழி, கட்டத்தாளின் மேல் கனமான ஒளிபுகும் பிவிசி விரிப்பு. மேசை விரிப்பாக விற்பதையே எடுக்கலாம், அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். இதில் ஒயிட்போர்டு மார்க்கரைத் தொடவே கூடாது. மென்மையான பிவிசி அந்த மையை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரில் அழியும் மார்க்கர்தான் இதற்குச் சரி. அதிலும் சிவப்பு நிறம் கறை விடுவதில் மன்னன்; கறுப்பு, நீலம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது மார்க்கர் எதுவானாலும் ஒரு மூலையில் கோடு போட்டு ஒரு இரவு விட்டு, காலையில் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்த பிறகே நடுவில் எழுதுங்கள். ஆட்டம் முடிந்த அன்றே துடைத்துவிட வேண்டும். மையோடு சுருட்டி வைத்த விரிப்பில் போன வாரத்துக் குகை அடுத்த வாரமும் தெரியும்.

மூன்றாவது, அக்ரிலிக் பலகையோ பழைய படச்சட்டத்தின் கண்ணாடியோ. கண்ணாடியில் எந்த மார்க்கரும் சுத்தமாகப் போகும், விளிம்பை மட்டும் டேப்பால் மூடிவிடுங்கள். அக்ரிலிக்கை ஆல்கஹால் கொண்டு துடைக்காதீர்கள். வெட்டிய விளிம்பிலிருந்து நுண்ணிய விரிசல்கள் கிளம்பும். சோப்புத் தண்ணீர் போதும்.

தவறுதலாக பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிவிட்டார்களா? லேமினேட்டிலும் கண்ணாடியிலும் அந்தக் கோட்டின் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் கிறுக்கி, காய்வதற்குள் துடையுங்கள். அதிலிருக்கும் கரைப்பான் பழைய மையையும் இளக்கிக்கொண்டு வந்துவிடும். பிவிசியில் இந்த வித்தை செய்யப் போனால் ஒரு கறைக்கு இரண்டு கறை.

பிரின்ட் எடுக்கும் மேப்: சொதப்புவது இங்கேதான்

இணையத்தில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் மேப்புகள் ஏராளம். நீங்களே வரைய டஞ்சன் ஸ்க்ரால் மாதிரியான உலாவிக் கருவிகள் உண்டு. வாட்டபூ என்பவரின் ஒன் பேஜ் டஞ்சன் ஒரு சொடுக்கில் ஒரு நிலவறையையே போட்டுக் கொடுக்கும். தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுற்றிலும் முழுக் கறுப்பாக இருக்கும் மேப், மையைக் குடித்துத் தீர்ப்பதோடு தாளையும் நெளியவைக்கும். வெள்ளைத் தரையும் குறுக்குக் கோடிட்ட சுவருமாக இருக்கும் பழைய பாணி மேப்புக்கு மை மிகக் குறைவாகவே செலவாகும், மேசையிலும் தெளிவாகத் தெரியும்.

இப்போது கணக்கு. உங்கள் மேப் 4200 × 2800 பிக்சல், அகலவாட்டில் 30 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 4200-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 140 பிக்சல். உயரவாட்டில் 20 கட்டம். இனி படிப்படியாக:

1. படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் பிரின்ட் சைஸுக்குப் போய், ரெசல்யூஷனை ஒரு இன்ச்சுக்கு 140 பிக்சல் என்று மாற்றுங்கள். படத்தின் பிக்சல் எதுவும் மாறாது. காகிதத்தில் ஒரு கட்டம் ஒரு இன்ச் என்பது மட்டும் உறுதியாகும். 140 கொஞ்சம் குறைவுதானே என்று தோன்றலாம். மேப்பை ஒரு கை தூரத்திலிருந்து பார்ப்பதால் போதும். 70-க்குக் கீழே போனால்தான் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும்.

2. ஏ4 தாளில் கணக்குப்படி 8 × 11 கட்டம் அடங்கும், ஆனால் அகலத்தில் இருபுறமும் 3.4 மி.மீ.தான் மிச்சம். பல வீட்டு பிரின்டர்களால் அவ்வளவு ஓரத்தில் அடிக்க முடியாது. அதனால் 7 × 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் அகலத்துக்கு 10 கட்டம், உயரத்துக்கு 7. இந்த மேப்புக்கு மூன்றுக்கு மூன்று, ஒன்பது தாள். செங்குத்தாக வைத்திருந்தால் பத்துத் தாள் ஆகியிருக்கும்.

3. அகலவாட்டில் 1400, 2800 பிக்சல்களிலும் உயரவாட்டில் 980, 1960 பிக்சல்களிலும் வழிகாட்டிக் கோடு வையுங்கள். இமேஜ் மெனுவில் உள்ள ஸ்லைஸ் யூசிங் கைட்ஸ் ஒன்பது துண்டாக வெட்டிக் கொடுக்கும். கடைசி வரிசை மட்டும் ஆறு கட்ட உயரம் இருக்கும். அது பிழையல்ல.

4. ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி, பிரின்ட் எடுக்கும்போது ஆக்சுவல் சைஸ் அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

5. முதல் தாள் வந்ததும் நிறுத்துங்கள். ஸ்கேலை எடுத்து பத்துக் கட்டத்தை அளந்து பாருங்கள். சரியாக 254 மி.மீ. இருக்க வேண்டும். இருந்தால் மற்ற எட்டையும் விடுங்கள்.

நான்காவது படிதான் பலரும் கோட்டைவிடும் இடம். பிரின்ட் ஜன்னலில் ஃபிட் டு பேஜ் என்பது பல நேரம் தானாகவே தேர்வாகியிருக்கும். அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாளுக்காக (216 × 279 மி.மீ.) செய்த பிடிஎஃப்பை ஏ4-இல் அடித்தால், அகலம் போதாததால் அது சத்தமில்லாமல் சுருக்கிவிடும். கட்டம் 24 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். எல்லாத் தாளும் ஒரே அளவுக்குச் சுருங்குவதால் ஒட்டும்போது ஒன்றும் தெரியாது. மினியை வைக்கும்போதுதான் 25 மி.மீ. தட்டு பிதுங்கி நிற்கும். நான்கு பேர் வரிசையாக நின்றால் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொள்வார்கள்.

ஒட்டும்போது வெள்ளை ஓரத்தை இரு தாளிலும் வெட்டாதீர்கள். ஒன்றில் மட்டும் வெட்டி, மற்றதன் ஓரத்தின் மேல் ஏற்றி ஒட்டுங்கள். டேப் பின்பக்கம் போகட்டும். முன்பக்கம் போட்டால் விளக்கில் மின்னும்.

எந்த மேப்பையும் மொத்தமாக ஒரேயடியாக விரிக்க வேண்டாம். அறை அறையாகப் பிரித்து வைத்துக்கொண்டு, கதவைத் திறந்ததும் அந்தத் துண்டை மேசையில் வையுங்கள். பார்க்காத இடத்தை மறைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

காகித மினி

செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு ஏ4 தாளில் 24 உருவம் எடுக்கலாம். கணக்கு இப்படி: ஒவ்வொன்றும் 25 மி.மீ. அகலம், 96 மி.மீ. நீளமுள்ள பட்டை. கீழிருந்து 10 மி.மீ. ஒட்டும் மடிப்பு, 38 மி.மீ. முன்பக்கப் படம், 38 மி.மீ. தலைகீழாகப் பின்பக்கப் படம், மறுபடியும் 10 மி.மீ. மடிப்பு. அகலவாட்டில் எட்டு, மூன்று வரிசை. ஓரத்தில் சில மில்லிமீட்டர் அச்சாகாமல் போனாலும், போவது ஒட்டும் மடிப்பில்தான், படத்துக்குச் சேதமில்லை. மனித உருவத்தை 30 மி.மீ. உயரத்தில் வைத்து மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், உயர்த்திய வாளுக்கும் கூர்த்தொப்பிக்கும் ஆகும்.

தாள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில் இருந்தால் இரண்டு அடுக்கு சேர்ந்து நன்றாக விறைத்து நிற்கும். உங்கள் பிரின்டர் அதை இழுக்கவில்லை என்றால் சாதாரணத் தாளிலேயே எடுத்து, நடுவில் பழைய விசிட்டிங் கார்டை வைத்து ஒட்டிவிடுங்கள்.

வரிசை மாறாமல் செய்ய வேண்டியது:

மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேலை வைத்து, மூன்று மடிப்புக் கோட்டையும் அழுத்தி இழுங்கள். இதைச் செய்யாமல் மடித்தால் அச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். பிறகு பட்டையாக மட்டும் வெட்டுங்கள், உருவத்தின் விளிம்பை இப்போது வெட்டக் கூடாது. உட்புறம் முழுக்க குச்சிப்பசை தடவி மடித்து ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் இருபது நிமிடம் வையுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம். அதிலுள்ள தண்ணீர் தாளைச் சுருக்கும், இங்க்ஜெட் மையையும் கலங்கடிக்கும். காய்ந்த பின் உருவத்தைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்தே வெட்டுங்கள். முன்னும் பின்னும் மயிரிழை பிசகாமல் பொருந்துவது இந்த வரிசையால்தான். கடைசியாக வெட்டிய விளிம்பில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவின் பக்கவாட்டை ஒரு இழுப்பு இழுங்கள். வெள்ளை விளிம்பு மறைந்தவுடன் அட்டைத்துண்டு மினியாக மாறிவிடும். ஆல்கஹால் மார்க்கர் இதற்கு ஆகாது. தாளுக்குள் ஊறி முகம் வரை கறுப்பு ஏறும்.

கீழே உள்ள இரண்டு மடிப்பையும் எதிரெதிர்த் திசையில் விரித்து, 24 மி.மீ. வெளிவிட்டமுள்ள இரும்பு வாஷரின் மேல் ஒட்டுங்கள். பிதுங்கும் மூலைகளை வாஷரின் வட்டத்துக்கு வெட்டிவிடலாம். எம்8 அளவில் (8 மி.மீ. போல்ட்டுக்கானது) அகலமான வகையும், எம்12 அளவில் சாதாரண வகையும் பொதுவாக இந்த விட்டத்தில் வரும். காகித மினிக்கு எமன் மின்விசிறிக் காற்று. வாஷரின் எடை அதைச் சமாளிக்கும். அவசரத்துக்கு 19 மி.மீ. பைண்டர் கிளிப்பில் செருகி, கம்பிக் காதுகளைக் கழற்றிவிட்டாலும் நிற்கும்.

ஒரே மாதிரி எட்டு கோப்ளின் இருந்தால், அடித்தட்டின் ஓரத்தில் எண்ணோ வண்ணப் புள்ளியோ வையுங்கள். "காயம்பட்ட கோப்ளின் எது?" என்ற கேள்வி ஒரு ராத்திரியில் எத்தனை தடவை வரும் என்பது ஆட்டம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

காகிதம் வெட்டவும் நேரமில்லையா? பொத்தான், சதுரங்கக் காய், நாணயம், எதுவும் ஓடும். சோடா மூடி மட்டும் வேண்டாம். வெளிவிட்டம் 32 மி.மீ. இருப்பதால் கட்டத்தை மீறும். லெகோ தட்டு கையிலிருந்தால் மூன்று குமிழ் அகலம் 24 மி.மீ., அளவெடுத்தது போல உட்காரும்.

பிளாஸ்டிக் பொம்மையும் வண்ணமும்

டி அண்ட் டியின் ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர், புலெட் ஆகிய பிராணிகள் பிறந்ததே, அந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்துதான். மூத்தவரே அப்படி என்றால் நமக்கென்ன கூச்சம்? டைனோசர், சிலந்தி, பாம்பு, தேள் என்று பொம்மைப் பையில் வருவதையெல்லாம் 50 மி.மீ. அட்டை வட்டத்தில் ஒட்டி இறக்கிவிடலாம்.

மென்மையான பிளாஸ்டிக்கில் வண்ணம் உரிந்து வருவதாகப் பலரும் புலம்புவார்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசை மேலே இருப்பது ஒரு காரணம். பாத்திரம் துலக்கும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். இன்னொரு காரணம் வளைவது. வாள், ஈட்டி மாதிரி ஆடும் பகுதிகளில் வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்தால் வண்ணம் அதோடு சேர்ந்து வளையும். கோணிய வாளை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள். மென்மையான பிவிசி பொம்மைக்கு ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முந்திய அடிப்பூச்சு) ஆபத்து, சில வகைகள் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். தூரிகையால் அக்ரிலிக் அடிப்பதே பாதுகாப்பு.

வண்ணத்துக்கு மூன்று படி. முதலில் தட்டையான அடிநிறம், மெல்லிய இரண்டு பூச்சாக. அது உலர்ந்ததும் பள்ளங்களில் இறங்கும் கருநீர்: கரும்பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, மேட் மீடியம் (வண்ணத்தோடு கலக்கும் நிறமற்ற அக்ரிலிக்) ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு, சோப்பு நீர் ஒரு சொட்டு. மீடியம் இல்லாமல் வெறும் தண்ணீரில் கலக்கினால் உலரும்போது வளைய வளையமாகக் கறை நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து, வெளிர்நிற வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு, காகிதத்தில் தேய்த்து, ஏறத்தாழ ஒன்றும் வராத நிலையில் மேடுகளின் மேல் லேசாக உரசுங்கள். பத்துப் பொம்மையை வரிசையாக வைத்து ஒவ்வொரு படியாகப் போங்கள். பத்தாவதுக்கு வரும்போது முதலாவது உலர்ந்திருக்கும். மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பதானால் ஈரப்பதம் அதிகமுள்ள நாளைத் தவிருங்கள். வெள்ளைப் பனி படர்ந்தது போலாகி, இத்தனை உழைப்பும் மங்கிப்போகும்.

முப்பரிமாண பிரின்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: நண்பரிடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மினிக்காக வாங்காதீர்கள். ரெசின் வகையில் நுணுக்கம் நன்றாக வரும். ஆனால் உறையாத ரெசின் தோலைப் பாதிக்கும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான தனி இடம், கழுவும் ஆல்கஹால், புறஊதா விளக்கு எல்லாம் சேர்ந்தால் 'மலிவு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவரும் நெருப்பும்

பெட்டி அட்டையை 152.4 மி.மீ. சதுரமாக வெட்டினால் 6 × 6 கட்டத் தரை. கல்தரை வேண்டுமானால் கெட்டி நுரைப்பலகையில் பேனாவால் கோடு கீறி, கசக்கிய அலுமினியத் தாள் உருண்டையை மேலே உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். கறுப்பு அக்ரிலிக்கும் வெள்ளைப் பசையும் கலந்து முதல் பூச்சு போடுங்கள். நுரைமேல் நேரடியாக ஸ்ப்ரே அடித்தால் கரைப்பான் அதைத் தின்றுவிடும், தெர்மாகோலானால் கண் முன்னாலேயே குழி விழும். சுவர் 10 முதல் 12 மி.மீ. உயரம் போதும். முழு உயரச் சுவர் புகைப்படத்துக்கு அழகு. ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் பாதி நேரம் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் பரவுவது 20 அடி ஆரம். மேசையில் 8 இன்ச் விட்டம். 64 செ.மீ. கம்பியை வளைத்து முனைகளை டேப்பால் சேர்த்தால் வளையம் தயார். மினிகள் நிற்கும்போதே மேலிருந்து இறக்கலாம் என்பதால் அட்டை வட்டத்தைவிட இது மேல். கூம்பு வடிவ மந்திரங்களுக்கு, டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில், எவ்வளவு தூரமோ அவ்வளவே அகலம். 15 அடிக் கூம்புக்கு 3 இன்ச் உயரமும் 3 இன்ச் அடிப்பக்கமும் உள்ள முக்கோணம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைப்பது

காகித மினிகளை ஒரு டப்பாவில் கொட்டி வைத்தால் ஒரு மாதத்தில் கழுத்து மடியும். வாஷர் அடித்தட்டு இருப்பதால், மூடியுள்ள டப்பாவின் அடியில் காந்தத் தாளை ஒட்டி, மினிகளை நிற்கவைத்தே எடுத்துச் செல்லலாம். வாஷர் வாங்கும்போதே ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டு போய் ஒட்டிப் பாருங்கள். பளபளப்பாக இருக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் எடுத்தால் பெரும்பாலும் காந்தத்தில் பிடிக்காது. மங்கலான சாதாரண இரும்பு வாஷரே வேண்டும். விரிப்பை மடிக்காமல் எழுதும் பக்கம் வெளியே தெரியும்படி ஒரு குழாயில் சுற்றி வையுங்கள். மடிப்பு விழுந்துவிட்டால் வெதுவெதுப்பான இடத்தில் தட்டையாகப் போட்டு மேலே பலகை வைத்தால் ஒரு நாளில் பெருமளவு சரியாகும்.